மன்றாடும் உரிமை

மன்றாடினான்! இந்தச் சொல்லைக் கேட்டதும் நமது மனக்கண் முன் வந்து நிற்கும் உருவம் எது? தோளிலே கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்கும். இரு கரமும் கூப்பியிருக்கும். முதுகு வளைந்து, குரல் தழுதழுத்து, "எசமான் பார்த்துச் செய்யணும்" என்று இழுப்பான் ஓர் எளியவன். கெஞ்சினான், இறைஞ்சினான், மன்றாடினான் என்று மூன்றையும் ஒரே தட்டில் வைத்துத்தான் இன்று நாம் பேசுகிறோம், எழுதுகிறோம்.

ஆனால், அந்தச் சொல் பிறந்தபோது அதற்குக் கூனல் முதுகு கிடையாது. மன்றிலே நிமிர்ந்து நின்று வழக்குரைப்பது, ஊர்ப் பொதுவிலே வாதிடுவது, அவையின் நடவடிக்கையிலே கலந்து கொள்வது, இதுவே மன்றாடுதல். நெல்லைச் சீமையில் மானூர் என்றோர் ஊர். ஏறத்தாழ கி.பி. 800-இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், அவ்வூர்ச் சபையார் ஒரு முடிவெடுத்துக் கல்லிலே வெட்டி வைத்தனர். தங்கள் சபையிலே யார் யார் மன்றாடலாம் என்பதைப் பற்றிய முடிவு அது. அங்கே அந்தச் சொல்லுக்குக் கண்ணீரும் இல்லை, கைகூப்பலும் இல்லை. அவையிலே இடம்பெற்றுப் பேசும் தகுதி என்றே பொருள்.

யாருக்கு அந்தத் தகுதி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! ஊரிலே நிலப்பங்கு உடையவனாக இருக்க வேண்டும். மறையும் தருமமும் கற்றவனாக இருக்க வேண்டும். அதோடு விட்டார்களா? கொண்டுவரப்படும் காரியம் ஒவ்வொன்றுக்கும் "அன்று, அன்று" என்று மறுத்து முட்டுக்கட்டை போடுவோருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதித்தார்கள். அன்று என்றால் அல்ல என்று பொருள். மறுப்புக்கு விலை குறித்த அந்தக் கல், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது. அன்றன்றும் மறுத்து வேலையையே நிறுத்துகிறவனை அடக்கத்தானே அந்த விதி என்று அறிஞர்கள் சமாதானம் கூறலாம். இருக்கட்டும். நிலமில்லாதவன், உழுதவன், ஊரின் ஓரத்திலே ஒதுக்கப்பட்டவன், பெண் - இவர்கள் 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ சொல்லும் நிலைக்கே வரவில்லையே! அவர்களுக்குத் தண்டம் விதிக்கும் தேவை கூட அந்தச் சபைக்கு இல்லை.

குடவோலை! குடவோலை! என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919-லும் 921-லும், முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டவை. முப்பது குடும்பு, ஓலை நறுக்கு, குடம், ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பது - கேட்கக் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், குடத்துக்குள் எவன் பெயர் விழுந்தது என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையிலே சொந்த வீடு, வேதத்திலே பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது. அந்தக் குடத்தின் வாய் அவ்வளவு குறுகலானது, தோழரே! தேர்தல் முறையிலே நம் முன்னோர் காட்டிய கண்டிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்று எழுதினார்களே, அதை இன்றைய நாட்டிலும் எழுதி ஒட்டலாம். ஆனால், ஒரு பிரம்மதேயத்து அவையை ஊரார் அனைவரின் அவை என்று வருணிக்கும் வாய்வீச்சை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஏதென்சு நகரத்திலும் இதே கதைதான். பேரவை கூடியதும் கட்டியக்காரன் எழுந்து, பேச விரும்புவோர் யார் என்று உரக்கக் கேட்பானாம். எத்துணை அழகிய கேள்வி! அந்தக் கேள்வி அடிமையின் காதில் விழாது, பெண்ணின் காதில் விழாது, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன் காதிலும் விழாது.

இத்தனை நூற்றாண்டு கழித்து அந்தக் கேள்வியை எல்லாருடைய காதிலும் விழச் செய்த ஏற்பாடு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதன் பெயர் கிராம சபை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். நிலம் வேண்டாம், மனை வேண்டாம், மறை வேண்டாம். பதினெட்டு வயதும் பட்டியலில் பெயரும் போதும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்களில் கூடி வந்த சபைக்கு, மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. ஐந்நூறு பேர் வரை வாழும் ஊராட்சி என்றால் 50 பேர் வந்தாக வேண்டும். மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கும் மேலே 300.

ஊராட்சி மன்றத்திற்கு ஆயுள் ஐந்தாண்டு. கிராம சபைக்கோ ஆயுள் முடிவதே இல்லை. இதை நம் இளைஞர்கள் நினைவிலே நிறுத்த வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் வந்தது. அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அல்ல. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரி 5-ஆம் நாள் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை என்ற அந்தக் காலங்களிலும், ஊரிலே மனிதர்கள் இருந்தார்கள். வாக்காளர் பட்டியல் இருந்தது. ஆகவே சபையும் இருந்தது.

சிதம்பரத்துப் பக்கம் பிறந்து, கடலூரிலே பிழைப்பவன் நான். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பேருந்திலே போகும்போதெல்லாம் இந்த வட்டாரத்தின் பழங்கதைகள் நினைவுக்கு வரும். கடலூரில் வழக்கறிஞராய் இருந்து, உள்ளாட்சியிலே பழகி, 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராய் ஆனவர் சுப்பராயலு ரெட்டியார். தில்லையிலே நந்தனார் பெயரால் 1916-இல் பள்ளி கண்டவர் சகசானந்தர். பின்னாளில் சட்டமன்றத்திலே எழுந்து தம் மக்களுக்காகப் பேசியவரும் அவரே. காட்டுமன்னார்கோயில் தந்த இளையபெருமாள், 1952-இல் நாடாளுமன்றம் புகுந்தார். தீண்டாமை குறித்து நாடெங்கும் ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969-இல் அறிக்கை தந்தார். டில்லியிலே பேச இந்த மண்ணிலிருந்து ஆள் போய்விட்டார். சென்னையிலே பேசவும் ஆள் போய்விட்டார். சொந்த ஊர்ப் பொதுவிலே பேசுவதுதான் கடினமாக இருந்தது!

இருந்தது என்றா எழுதினேன்? 2020-க்கு வருவோம்.

புவனகிரியை அடுத்த தெற்குத் திட்டை. சிதம்பரத்திலிருந்து வெகு தொலைவில்லை. அந்த ஊராட்சியின் தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2019 டிசம்பர்த் தேர்தலில் ராஜேஸ்வரி என்ற அம்மையார் வெற்றி பெற்றார். 2020 அக்டோபரில் ஒரு நிழற்படம் நாடெங்கும் பரவிற்று. சூலை மாதம் நடந்த ஊராட்சிக் கூட்டத்திலே எடுக்கப்பட்ட படம். மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் தரையில்! கூட்டத்திற்குத் தலைமை ஏற்க வேண்டியவர் தரையிலே அமர்ந்து, தம்மைவிட உயரத்திலே இருப்போரை அண்ணாந்து பார்க்க வேண்டும். வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கைதும் நடந்தது. செய்தித்தாள்கள் சீறின. ஆனால் அந்தப் படத்தை நான் மீண்டும் மீண்டும் பார்த்தபோது, என்னைத் தைத்தது வேறொன்று. தலைவருக்கே தரை என்றால், அவரைத் தேர்ந்தெடுத்த தெருவிலிருந்து ஒருத்தி வந்து கேள்வி கேட்க எழுந்தால், அவளுக்கு எது? நிற்க இடம் தருவார்களா? நாக்கு அசைவதற்கு முன் நாற்காலி அசைய வேண்டியிருக்கிறது, இந்த நாட்டிலே!

ஒரு கொடுமையான பொருத்தத்தையும் சொல்லி வைக்கிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளுக்குரிய கிராம சபைக் கூட்டங்களைத் தொற்றுநோயைக் காரணம் காட்டி அரசு நிறுத்திவிட்டது. எட்டு நாள் கழித்துப் படம் வெளியாயிற்று. ஊரார் கூடி, "எங்கள் தலைவர் ஏன் தரையில்?" என்று கேட்டிருக்கக்கூடிய மன்றம் அந்த மாதம் கூடவேயில்லை.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் மறந்தவர்கள் உண்டோ? 1996-இல் தனி ஊராட்சிகளாக்கப்பட்டு, பத்தாண்டுக் காலம் தேர்தலை நடத்தவிடாமல் ஆதிக்கம் அடைத்து வைத்த ஊர்கள் அவை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தேறியது. அங்கே வாக்குப் பெட்டியை மறித்தார்கள். இங்கே பெட்டி திறந்த பிறகு நாற்காலியை மறித்தார்கள்.

இனி, நானே கண்ட ஒரு கூட்டம். சிதம்பரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்று. பெயர் வேண்டாம். அது ஓர் ஆகஸ்டு 15. பள்ளிக்கூடத்து வெளியிலே சாமியானா. கொடியேற்றி முடிந்து, மிட்டாய் வழங்கியாயிற்று. நுழைவாயிலிலே ஒரு குறிப்பேடு. வருகிறவர்கள் கையெழுத்தோ, கைநாட்டோ வைக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாய் வந்து வைத்தார்கள். வைத்தவர்களில் பாதிப்பேர் அப்படியே திரும்பிவிட்டார்கள். "கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன இருக்கு?" என்றார் ஓர் அம்மா. குறைவெண் வரம்பு நிறைந்துவிட்டது! சபை மட்டும் நிறையவில்லை.

மேலிருந்து அச்சாகி வந்த கூட்டப் பொருளை ஒருவர் ஒரே மூச்சிலே படித்தார். குடிநீர், கொசு ஒழிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, நெகிழிப் பை - எல்லாம் நல்ல பொருள்களே. வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டது. எந்தத் தொகை எதற்கு என்று காது வாங்கிக் கொள்வதற்குள் அடுத்த தொகை. "தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின." கைதட்டல்.

அப்போது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் என்று கை சொல்லிற்று.

"ஐயா, எங்க தெருவுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லீங்க. வயல்லதான் தூக்கிட்டுப் போறோம். நடவு நட்டுட்டா விடமாட்டேங்கறாங்க. போன ஐப்பசியில எங்க மாமியாரை இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம்."

"உட்காரும்மா. இது இன்னிக்குப் பொருள்ல இல்லை. மனுவா எழுதிக் குடு, பார்ப்போம்."

"எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குங்க எழுந்து பேசறேன்?"

சிரித்தார்கள், தோழரே! நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நகைச்சுவை என்று எண்ணிக்கொண்டார்கள் போலும். எனக்கோ, உள்ளாட்சிச் சட்டத்திற்கு அதுவரை எவரும் எழுதாத விளக்கவுரை ஒன்று அந்த ஒரே வரியில் கேட்டது. எழுத்தறிந்தவனுக்கு எத்தனையோ வாயில்கள். மனு உண்டு, தகவல் உரிமைச் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, பத்திரிகை உண்டு. எழுத்தறியாத ஒருத்திக்கு நாடு திறந்து வைத்த ஒரே வாயில், எழுந்து நின்று பேசுவது. அந்த வாயிலிலும் ஒருவர் நின்றுகொண்டு, எழுதிக் கொண்டுவா என்கிறார்!

மனு என்று ஆனபிறகு மொழியே மாறிவிடுகிறது, கவனித்ததுண்டா? மாவட்டத் தலைநகரிலே திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே வரிசை நின்றுவிடும். வெளியே மரத்தடியிலே பணம் வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருவோர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை அருகே நின்று கவனித்தேன். ஒரு முதியவர் கோபத்தோடு தம் வழக்கைச் சொல்லிக்கொண்டே போகிறார். "என் இடத்துல வேலி போட்டுட்டான், கேட்டா அடிக்க வரான்." எழுதுகிறவர் பேனா அதைத் தாளிலே எப்படி இறக்குகிறது? ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்குப் பணிந்து தாழ்மையுடன், கருணை கூர்ந்து... முதியவரின் கோபம் தாளிலே கும்பிடாகிவிட்டது. மன்றாடுதல் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி எப்படி நேர்ந்திருக்கும் என்பது எனக்கு அந்த மரத்தடியிலே விளங்கிற்று. ஆட்சியர் நல்லவராக இருக்கலாம், மனுக்கள் தீரவும் தீரலாம். தீர்ந்து வருவனவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலே, கந்து வட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனுக்கொடுத்த ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்கு இரையானதை மறக்க முடியுமா?

நகரத்துக்காரர் நிலைமை என்ன? படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், வாயுள்ளவர்கள் அல்லவா? கடலூர் நகராட்சி 1866-இல் தோன்றியது. 2021-இல் மாநகராட்சியாய் உயர்ந்தது. சிதம்பரம் நகராட்சியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்தான். நகராட்சிகளை நெடுங்காலம் ஆண்டது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று அது தாராளமாகச் சொன்னது. தலைவர் காரணம் குறித்து வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. பேசலாம் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. தன் தெருச் சாக்கடை பற்றித் தன் காது கேட்கப் பிறர் பேசுவார்கள். தான் மட்டும் பேசக்கூடாது! நூறாண்டுக்கும் மேலாக நகரத்தான் கிராமத்தானைவிட ஒருபடி தாழ்ந்தே இருந்தான் என்று சொன்னால் நம்புவார்களோ? 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் முதன்முறையாக நகரங்களில் பகுதி சபைகள் கூடின. அன்றுதான் நகரத்தானுக்கும் ஒரு மன்றம் கிடைத்தது. எங்கள் தெருவிலே பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்கு அதன் பெயரே தெரியாது என்பது வேறு வேதனை.

தேர்ந்தெடுத்து அனுப்பிய பிறகு நீ ஏன் பேச வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ஆளாளுக்குப் பேசினால் அவை சந்தையாகிவிடாதா என்கிறார்கள். மானூர்ச் சபையாரின் கவலைதான், மறு அவதாரம் எடுத்து வருகிறது! கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. பகுதி சபை ஒன்றிலே ஒரே மனிதர் தம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றி அரைமணி நேரம் முழங்கக் கேட்டுக் களைத்தவன் நான். அதற்கு மருந்து நேரத்தை அளப்பதே தவிர, வாயை அடைப்பதல்ல. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலே 1953-இல் ஒரு சட்டம் செய்தார்கள். உள்ளாட்சிக் கூட்டங்களைத் திறந்த கதவோடு நடத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் அதைத் திருத்தி, பொதுமக்கள் எழுந்து பேசவும் கூட்டத்திலே நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடம். மணியடித்தால் அமர வேண்டும். இங்கிலாந்திலே 1960-இல் வந்த சட்டமோ, மக்களும் செய்தியாளரும் உள்ளே வந்து அமரலாம் என்பதோடு நின்றது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், பிற்காலத்தில் பிரதமராகிய மார்கரெட் தாட்சர். கதவு திறப்பது ஒரு படி. வாய் திறப்பது அடுத்த படி. பேசியது ஏட்டிலே ஏறுவது அதற்கும் அடுத்தது. நமது கிராம சபைச் சட்டம் முதலிரண்டு படிகளை மேலை நாட்டார் பலருக்கும் முன்னே ஏறிவிட்டது. மூன்றாவதிலேதான் கால் இடறுகிறது.

மூன்றாவது படியின் வலிமை என்ன என்பதை ஒரிசாவின் நியம்கிரி மலைமக்கள் காட்டினார்கள். அந்த மலையை வெட்டிப் பாக்சைட்டு எடுக்க வேதாந்தா நிறுவனம் வந்தது. முடிவை அங்குள்ள கிராம சபைகளிடமே கேட்குமாறு உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-இல் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஊர்களிலே சபை கூடிற்று. டோங்ரியா கோந்த் மக்கள் - பெரும்பாலோர் ஏடறியாதவர்கள் - எழுந்து நின்று தங்கள் சொந்த மொழியிலே பேசினார்கள். அவர்கள் பேசியது பதிவாயிற்று. பன்னிரண்டு சபையும் மறுத்தன. "அன்று" என்று பன்னிரண்டு முறை! தண்டம் விதிக்க எவராலும் இயலவில்லை. மலை நின்றது. எங்கள் ஊர்ப் பெண்மணியிடம் எழுதிக் கொண்டுவா என்று எவரும் அங்கே சொல்லவில்லை. எழுதுவது அலுவலரின் வேலை என்று கொள்ளப்பட்டது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் அதிலேதான்.

அதனால், எங்கள் நண்பர் குழாம் ஒன்று சிதம்பரத்துப் பக்கத்து ஊர்களிலே ஒரு சிறு வேலையை மேற்கொண்டிருக்கிறது. பெரிய போராட்டம் ஏதுமில்லை. கூட்டத்திற்கு முன்னதாக வீடு வீடாய்ப் போய், குறிப்பேட்டில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம், இருந்து கேளுங்கள் என்கிறோம். பேச எழுகிறவருக்குப் பக்கத்திலே இருவர் எழுந்து நிற்கிறார்கள். தனியாய் நிற்பவரை அதட்டுவது எளிது, மூவரை அதட்டுவது அவ்வளவு எளிதல்ல. பேசி முடித்ததும், "இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் படித்துக் காட்டுங்கள்" என்று கேட்கிறோம். கைகலப்பு இல்லை, கூச்சல் இல்லை. படித்துக் காட்டுகிறவரை உட்காருவதில்லை. ஒரு தோழர் கூட்டத்திலே முழக்கமிடலாம் என்றார். வேண்டாம் என்றோம். முழக்கத்தைத் தீர்மானப் புத்தகத்திலே எழுத மாட்டார்கள்.

சுடுகாட்டுப் பாதை கேட்ட அம்மையார் அக்டோபர் 2-இல் மீண்டும் வந்தார். இம்முறை அவர் தெருவிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட பெண்கள். பொருளில் இல்லை என்ற பதில் மீண்டும் வந்தது. பொருளாகச் சேர்த்துக் கொள்ளுங்கள் என்றார்கள் பெண்கள். நெடுநேரம் இழுபறி. மேசைமேல் இருந்த தேநீர் ஆறிப் போயிற்று. கடைசியில், ஒன்பதாவது தீர்மானமாக அது எழுதப்பட்டது. படித்தும் காட்டப்பட்டது. "இன்னொரு தடவை படிங்க ஐயா" என்று கேட்டு, இரண்டாம் முறை படிக்க வைத்து, அதன் பிறகே அவர் கட்டைவிரலை மையிலே தோய்த்தார்.

அதன் பின்னர் நில அளவையர் வந்து போனார். இரண்டு இடத்திலே கல் நட்டிருக்கிறார்கள். நடுவே உள்ள துண்டு நிலத்துக்காரர் ஒப்பவில்லை. பாதை இன்னும் போடவில்லை. அடுத்த கூட்டத்திற்குத் தெரு முழுவதையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மையார்.